பல்கலைக்கழக லோகோவை எப்படிப் பயன்படுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தில் லோகோ கேட்டு வருபவர்களுக்கு ஃபைல் எடுத்துக் கொடுப்பதும் சந்தேகம் தீர்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. கருத்தரங்கு அழைப்பிதழ், விளையாட்டு அணியின் பனியன், மேடைப் பேனர் என்று ஆளுக்கொரு அவசரம். லோகோவைக் கெடுக்க வேண்டும் என்று யாரும் கெடுப்பதில்லை. நாளைக்கு நிகழ்ச்சி, சரியான ஃபைல் கையில் இல்லை, கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறார்கள். அதனால் இங்கே எதைச் செய்யக்கூடாது என்பதைவிட, எதை எங்கே எடுத்துப் போடுவது என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் லோகோ கையேட்டில் அளவோ நிறமோ வேறாக இருந்தால் கையேடு சொல்வதே சரி.

ஒரு லோகோவுக்குப் போய் இவ்வளவு விதி எதற்கு?

வங்கியில் கையெழுத்து கொஞ்சம் மாறினாலே காசோலை திரும்பி வருகிறது. லோகோவும் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துதான். ஒரு வித்தியாசம், இந்தக் கையெழுத்தை ஒருவர் போடுவதில்லை. நூறு துறைகள், ஆயிரக்கணக்கான மாணவர்கள், ஊர் ஊராக அச்சகங்கள் எல்லாரும் போடுகிறார்கள். ஒரு துறை நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும், இன்னொன்று எழுத்தை மட்டும் மாற்றும், மூன்றாவது அதற்கு ஒரு நிழல் கொடுக்கும். ஐந்தாறு வருடத்தில் எது அசல் என்று உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாமல் போகும். போலிச் சான்றிதழ் அச்சடிப்பவருக்கு இதைவிட வசதி எது? அசலே பத்து விதமாக இருக்கும்போது பதினோராவதை யார் சந்தேகப்படுவார்கள்?

லோகோ, முத்திரை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பெயரோடு சேர்ந்து தினமும் கண்ணில் படுவது லோகோ. இணையதளம், அழைப்பிதழ், பேருந்து என்று எங்கும் போகும். முத்திரை பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற சட்டப்படி நிற்க வேண்டிய ஆவணங்களுக்கு உரியது. பெரும்பாலும் பதிவாளர் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும். காபிக் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் முத்திரையைப் போடத் தொடங்கினால், பட்டத்தில் அதைப் பார்க்கும்போது இருக்க வேண்டிய கனம் குறைந்துவிடும்.

இந்த வேறுபாட்டை எல்லாருக்கும் புரியும்படி சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு பாடம். அதன் முத்திரையில் விரித்த புத்தகம், 'ஒளி உண்டாகட்டும்' என்ற வாசகம், 1868 என்ற ஆண்டு எல்லாம் உண்டு. 2012-இல் விளம்பர, தகவல் தொடர்பு வேலைகளுக்காக எளிமையான புதிய லோகோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முத்திரை போகாது, பட்டத்தில் அதுவே இருக்கும் என்று நிர்வாகம் சொன்னது. ஆனால் மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் முத்திரையையே தூக்கிவிட்டார்கள் என்றுதான் பட்டது. பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே புதிய லோகோ திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கோபத்தை நான் தவறாகப் பார்க்கவில்லை. தன் பட்டத்தில் இருக்கும் சின்னத்தை ஒருவர் தன்னுடையது என்று நினைப்பது இயல்புதானே.

இணையதளத்தில் இருக்கும் லோகோவை சேவ் செய்து பயன்படுத்தினால் என்ன?

பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். இணையதளத்தின் மேல் மூலையில் இருக்கும் லோகோ 200 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அழகாகத்தான் தெரியும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அப்படியென்றால் அந்த 200 பிக்சல் தாளில் சுமார் 17 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் போதும், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அதையே மேடைப் பேனரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் 5 மில்லிமீட்டர் சதுரமாகிவிடும்.

ஒரு பட்டமளிப்பு விழாவில் இதை நேரில் பார்த்தேன். லோகோவில் ஒரு விளக்கு, அதன் சுடர் மெல்லிய வளைவு. பேனரில் அந்த வளைவு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. சுற்றிலும் வெள்ளையாக ஒரு பெட்டி வேறு. அன்று எடுத்த ஒவ்வொரு குடும்பப் படத்திலும் பின்னால் அதுதான் இருக்கிறது, இனி மாற்ற முடியாது. பேனர் அடித்தவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கு வந்த ஃபைல் அது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் எங்கள் கணினியில் தூங்கிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை, நாங்களும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் கேட்டால் தருகிறோம் என்ற முறையை விட்டுவிட்டு, எல்லாத் துறைக்கும் முன்கூட்டியே ஒரு ஃபோல்டராக அனுப்ப ஆரம்பித்தோம்.

அப்படியானால் எந்த ஃபைலை எதற்கு அனுப்புவது?

அச்சகம், பேனர், பெயர்ப்பலகை, எம்பிராய்டரி எல்லாவற்றுக்கும் வெக்டர் ஃபைல். அதாவது பிடிஎஃப், இபிஎஸ் அல்லது எஸ்விஜி. வெக்டரில் படம் புள்ளிகளாக இல்லாமல் கோடு, வளைவுகளின் கணக்காகச் சேமிக்கப்படுவதால் பேனா மூடியில் அடித்தாலும் கட்டடச் சுவரில் அடித்தாலும் விளிம்பு கூராகவே இருக்கும். ஒரு ஜேபிஜியை பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் அது வெக்டர் ஆகிவிடாது, உள்ளே அதே பிக்சல்தான். சந்தேகமாக இருந்தால் திறந்து 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு மங்கினால் அது வெக்டர் இல்லை.

வேர்ட், பவர்பாயின்ட், சமூக ஊடகம் இவற்றுக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி போதும். இணையதளத்துக்கு முடிந்தால் எஸ்விஜி. ஜேபிஜி புகைப்படத்துக்காக உருவானது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். முகத்திலும் மரத்திலும் அது கண்ணுக்குத் தெரியாது. லோகோவின் கூரான விளிம்பில் மட்டும் எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி புள்ளிகள் வரும்.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

படமாக அனுப்பினால் அளவும் தரமும் குறைந்துதான் போய்ச் சேரும். இணைப்பில் 'டாகுமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும்.

மங்கலான லோகோவை ஏஐ மூலம் பெரிதாக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தக் கருவி இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறது. முகத்துக்கும் புல்வெளிக்கும் அது சரியாக இருக்கலாம். லோகோவில் ஊகத்துக்கு இடமே இல்லை. சுற்றி எழுதிய பெயரில் 'ழ' வந்த இடத்தில் 'ழ' மாதிரி ஏதோ ஒன்று வரும், தூரத்தில் இருந்து பார்த்தால் சரியாகவும் தெரியும். பளிச்சென்று இருக்கிற தவறு மங்கலாக இருக்கிற தவறைவிட ஆபத்தானது, யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள்.

கணினியில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் ஏன் மங்கிப்போகிறது?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று ஒளியையும் கலக்கும், அதைத்தான் ஆர்ஜிபி என்கிறோம். அச்சு மையால் நிறம் காட்டுகிறது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள், சிஎம்ஒய்கே. ஒளியில் கிடைக்கும் சில பளிச் நிறங்கள், முக்கியமாக மின்னும் நீலமும் ஆரஞ்சும், இந்த நான்கு மையில் வரவே வராது. இயந்திரம் தன்னால் முடிந்த பக்கத்து நிறத்தைப் போட்டுவிடும். ஆகவே ஒரே நீலத்துக்குக் கையேட்டில் மூன்று நான்கு எண்கள் இருக்கும். திரைக்கு ஒன்று, நான்கு வண்ண அச்சுக்கு ஒன்று, தனி மைக்கு ஒன்று. எந்த வேலைக்கு எது என்று பார்த்து அந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் கணினித் திரையில் தெரியும் நிறத்தை வைத்து "இதே மாதிரி" என்று சொன்னால், அச்சக்காரரின் திரையில் அது வேறாகத்தான் இருக்கும்.

தனி மை என்பது பான்டோன் மாதிரியான முறை. 1963-இல் வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண், அதற்கு மை கலக்க ஒரு செய்முறை, ஒப்பிட்டுப் பார்க்க அச்சடித்த அட்டை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அடர்நீலம் பான்டோன் 282. கேம்பிரிட்ஜின் நிறத்துக்கும் நீலம் என்றுதான் பெயர், ஆனால் அது பச்சை கலந்த வெளிர் நிறம். "எங்கள் நீலம்" என்று வாயால் சொல்வது எவ்வளவு போதாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும், அதையும் விட்டுவிடாதீர்கள். சி என்றால் வழவழப்பான தாள், யு என்றால் பூச்சில்லாத சாதாத் தாள். மை ஒன்றுதான். ஆனால் சாதாத் தாள் மையைக் குடித்துவிடும், நிறம் இறங்கித் தெரியும். சிற்றேட்டில் ஒரு நீலம், கடிதத்தாளில் இன்னொரு நீலம் என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தங்க நிறத்தில் அடிக்கலாமா?

கையேட்டில் தங்கம் இருந்தால் மட்டும். நான்கு வண்ண அச்சில் தங்கம் மின்னாது, கடுகு நிறத்தில் ஒரு மஞ்சளாகத்தான் விழும். மின்ன வேண்டுமென்றால் உலோக மை அல்லது ஃபாயில் வேண்டும், இரண்டுக்கும் செலவு தனி.

லோகோவை எவ்வளவு சிறிதாகப் போடலாம்?

பெரும்பாலான கையேடுகள் அச்சில் ஒரு குறைந்தபட்ச அகலம் சொல்லும், 20 முதல் 25 மில்லிமீட்டர் என்பது வழக்கமாகக் காணும் அளவு. தமிழில் பெயர் இருக்கும் லோகோவுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லையே பாருங்கள். ல், க், ம் என்று மூன்று புள்ளிகள். 20 மில்லிமீட்டருக்குள் ஒன்பது எழுத்தும் நிற்க வேண்டுமென்றால் ஓர் எழுத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், புள்ளியின் குறுக்களவு கால் மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். சொரசொரப்பான தாளில் அது விழாது. அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் இன்னும் மோசம், சுற்றியிருக்கும் மை பரவிப் புள்ளியை மூடிவிடும். மிஞ்சுவது 'பலகலைககழகம'. வாசித்துப் பாருங்கள், மனம் பொறுக்காது. ழ-வின் சுழியும் இப்படித்தான் அடைபடும்.

அதனால் தமிழ்ப் பெயரோடு போடும்போது உண்மையான அளவில், உண்மையான தாளில் ஒரு நகல் எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து வாசியுங்கள். புள்ளி தெரியவில்லையா, பெயர் இல்லாத சின்ன வடிவத்தை எடுத்துக்கொண்டு பெயரைத் தனியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். நல்ல கையேட்டில் இதற்கென்றே ஒரு குறுவடிவம் இருக்கும். பிரவுசர் டேபில் வரும் 16-க்கு 16 பிக்சல் சின்னத்துக்கும், சமூக ஊடகத்தின் வட்டப் படத்துக்கும் அதுதான் சரி. முழு லோகோவை வட்டத்துக்குள் திணித்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும்.

அச்சகத்தில் திறந்ததும் தமிழ் எழுத்துகள் உடைந்துபோகின்றன. என்ன செய்வது?

'லை' என்று எழுதும்போது 'ை' கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடில் சேமிப்பது ல-வுக்குப் பின்னால்தான். இடம் மாற்றிக் காட்ட வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் திறந்தால் கொம்பும் சங்கிலியும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பை நாமே தேர்ந்தெடுத்தால்தான் சரியாக வரும். யூனிகோடுக்கு முந்தைய பழைய ஃபாண்ட் வைத்திருக்கும் அச்சகத்தில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் வெறும் கட்டங்கள் வரும்.

லோகோவைப் பொறுத்தவரை தீர்வு சுலபம். எழுத்துகளைக் கர்வ் ஆக்கியே அனுப்ப வேண்டும், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக. அப்புறம் எந்த அச்சகத்திலும் உடையாது. பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்து லோகோவின் கீழே யாரும் சேர்க்க வேண்டாம். கர்வ் ஆக்கிய பிறகும் ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரியை, எழுத்து எழுத்தாகப் படியுங்கள், முடிந்தால் கடைசி எழுத்திலிருந்து முதலுக்கு. பழகிய பெயரைக் கண் தானாகத் திருத்தி வாசித்துவிடும்.

சுற்றிலும் இடம் விட வேண்டும் என்கிறீர்கள், எவ்வளவு?

இதற்குக் கையேட்டில் பெரும்பாலும் மில்லிமீட்டர் இருக்காது. லோகோவில் உள்ள ஓர் எழுத்தின் உயரம் அல்லது சின்னத்தின் பாதி அகலம் என்று சொல்லியிருக்கும். லோகோ பெரிதானால் இடமும் பெரிதாக வேண்டும் என்பதால் இப்படி. அந்த எல்லைக்குள் எழுத்து, கோடு, இன்னொரு லோகோ, தாளின் விளிம்பு எதுவும் வரக்கூடாது. அழைப்பிதழில் இடம் பற்றவில்லை என்று முதலில் காவு கொடுப்பது இந்த வெற்றிடத்தைத்தான். அதைவிட லோகோவையே கொஞ்சம் சிறிதாக்கிவிடுங்கள். நெரிசலில் நிற்கும் பெரிய லோகோவைவிட, தனியாக நிற்கும் சின்ன லோகோ நன்றாகத் தெரியும்.

புகைப்படத்தின் மேலே போடலாமா?

படத்தில் வானம், சுவர் மாதிரி ஒரே சீரான பகுதி இருந்தால் அங்கே போடலாம். வெளிச்சமான இடத்தில் அடர்நிற லோகோ, இருட்டான இடத்தில் வெள்ளை லோகோ. கூட்டத்தின் தலைகள் மேலும் மரத்தின் இலைகள் மேலும் வேண்டாம். தெரியவில்லை என்று வெள்ளை நிழல், ஒளிவட்டம் எல்லாம் சேர்ப்பதற்குப் பதில் இடத்தை மாற்றுங்கள். வெள்ளை லோகோ வேண்டுமென்றால் அதற்கான தனி ஃபைலைக் கேளுங்கள். அடர்நிற லோகோவை 'இன்வெர்ட்' செய்தால் விளக்கின் சுடர் கறுப்பாகவும் முகத்தின் கண் வெள்ளையாகவும் மாறும். மனித உருவம் இருக்கும் சின்னங்களில் இது பேய் மாதிரி ஆகிவிடும்.

இருட்டுத் திரையையும் மறக்க வேண்டாம். பின்னணி இல்லாத அடர்நீல பிஎன்ஜியை மின்னஞ்சல் கையொப்பத்தில் வைத்தால், டார்க் மோடில் படிப்பவருக்கு அந்த இடம் காலியாகத்தான் தெரியும்.

வேர்டில் வைத்ததும் லோகோ நசுங்கிவிடுகிறது.

ஓரத்தின் நடுவில் பிடித்து இழுக்கிறீர்கள். மூலையைப் பிடித்து இழுங்கள்.

எங்கள் துறைக்கோ மாணவர் மன்றத்துக்கோ தனி லோகோ உருவாக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. நாற்பது வருடமாக நடக்கும் ஒரு துறைக்குத் தன் முகம் தெரிய வேண்டும் என்று இருக்கும். ஆனாலும் துறைக்குத் தனி லோகோ வேண்டாம் என்பேன். வெளியே இருக்கும் ஒருவருக்கு உங்கள் துறையைத் தெரியாது, பல்கலைக்கழகத்தைத் தெரியும். அந்த நம்பிக்கையின் மேல் நின்று பேசுவதுதான் துறைக்கு லாபம். பல்கலைக்கழக லோகோவும் பக்கத்தில் அதே எழுத்தமைப்பில் துறையின் பெயரும் சேர்ந்த இணைவடிவம் ஒன்றைச் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவர் மன்றம் வேறு. நாடகக் குழுவோ மலையேறும் குழுவோ தங்கள் சின்னத்தைத் தாங்களே வரைந்துகொள்ளலாம், அதில் தடையே வேண்டாம் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகச் சின்னத்தை உடைத்து அதன் துண்டை எடுத்து ஒட்டக்கூடாது, அவ்வளவுதான்.

மற்ற நிறுவனங்களின் லோகோக்களோடு வரிசையாகப் போடும்போது?

எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர வேண்டாம். நீளமான லோகோ மெலிந்துபோகும், வட்டமானது பூதாகரமாகும். கண்ணுக்கு ஒரே கனமாகத் தெரியும்வரை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். பிறகு தாளைத் தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது முந்திக்கொண்டு தெரிகிறதோ அதைக் குறையுங்கள்.

டீ-ஷர்ட், தொப்பி?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், எனவே ஒற்றை நிற வடிவம் சிக்கனம். எம்பிராய்டரியில் மையின் வேலையை நூல் செய்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து அடைந்துவிடும், வண்ணச் சாயல்கள் வராது. தொப்பிக்குக் குறுவடிவம் போதும். முதலில் ஒரே ஒரு மாதிரி தைத்து வாங்கிப் பார்த்துவிட்டு மொத்தத்துக்குச் சரி சொல்லுங்கள். விற்பனைக்கு என்றால் எழுத்துமூல அனுமதி கட்டாயம், மாணவர்கள் மாணவர்களுக்கு விற்றாலும்.

லோகோவின் ஓரத்தில் வரும் வட்டத்துக்குள் 'ஆர்' எதைக் குறிக்கிறது? சேர்க்கலாமா, எடுக்கலாமா?

வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். பதிவாகாத சின்னத்துக்கு அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம். 'டிஎம்' என்ற குறிக்குப் பதிவு தேவையில்லை. கிடைத்த ஃபைலில் எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள்.

பார்வையற்றவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆம். இணையப் பக்கத்தில் லோகோவுக்கு மாற்று உரையாக, அதாவது படத்துக்குப் பதில் வாசித்துக் காட்டப்படும் வரியாக, பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுங்கள். 'லோகோ' என்று மட்டும் எழுதினால் திரைவாசிப்பானில் கேட்பவருக்கு அது யாருடைய பக்கம் என்றே தெரியாது. இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு கேட்கின்றன. லோகோவில் இருக்கும் எழுத்துக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று மஞ்சள் பின்னணியில் வெள்ளை லோகோ போட வேண்டாம். பார்வை மங்கிய பேராசிரியர்களும் பெற்றோரும் அந்தப் பக்கத்துக்கு வருவார்கள்.

லோகோ மாறிவிட்டது. பழைய கடிதத்தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது.

உள்ளுக்குள் குறிப்பு எழுதவும் வரைவு எடுக்கவும் தீரும்வரை பயன்படுத்துங்கள். வெளியே போகும் கடிதத்துக்குக் கையேடு சொல்லும் தேதிவரை மட்டும். காகிதத்தைவிடக் கணினியில்தான் பழைய லோகோ ஆயுசோடு இருக்கும். பவர்பாயின்ட் டெம்ப்ளேட், மின்னஞ்சல் கையொப்பம், சான்றிதழ் மாதிரி, பகிர்ந்த டிரைவின் 'லோகோ புதியது கடைசி 2' என்ற ஃபோல்டர் எல்லாவற்றையும் தேடி நீக்குங்கள்.

ஃபைல் கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

எதில் அடிக்கப் போகிறீர்கள், எத்தனை மில்லிமீட்டர் அல்லது பிக்சல் அகலம், பின்னணி என்ன நிறம், எத்தனை வண்ண அச்சு, எந்தத் தேதிக்கு வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் சரியான ஃபைலை அன்றைக்கே எடுத்துத் தந்துவிடலாம். அச்சக்காரரின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் நானே அவரிடம் பேசிவிடுவேன்.